ஓடும் வரலாறு: லெ மான் பழங்கார்ப் பந்தயமும் கூடார நண்பர்களும்

முன்னுரை

பழம்பொருளைப் போற்றும் முறை இருவகைப்படும். அதனைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் கைபடாமல் காப்பது ஒரு முறை. எந்தத் தொழிலுக்காக அது படைக்கப்பட்டதோ அந்தத் தொழிலை அது தொடர்ந்து செய்யுமாறு பேணுவது மற்றொரு முறை. முதல் முறையில் பொருளின் உடல் காக்கப்படுகிறது. இரண்டாம் முறையில் அதன் உயிர் காக்கப்படுகிறது. ஆனால் உயிர் காக்கும் முயற்சியில் உடல் தேயும், சில வேளை நொறுங்கவும் கூடும். இவ்விரண்டில் எது தக்கது என்ற வினாவுக்கு விடை தேடுவோர் காணத்தக்க இடங்களுள் ஒன்று, பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடைபெறும் பழங்கார்ப் பந்தயம். உலகின் பல நாடுகளிலிருந்தும் நண்பர்கள் குழுக்களாகச் சேர்ந்து வந்து, பந்தயச் சாலையோரம் கூடாரம் அடித்துத் தங்கி, மூன்று நான்கு நாள்கள் இதனைக் காண்கின்றனர். அப்பந்தயத்தின் வரலாற்றையும் அமைப்பையும், கூடார வாழ்வு அதில் பெறும் இடத்தையும், அது எழுப்பும் வினாக்களையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

லெ மான் பந்தயத்தின் தோற்றம்

பாரிசு நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், சார்த் என்னும் ஆற்றின் கரையில் அமைந்த நகரம் லெ மான். இங்கு 1923ஆம் ஆண்டு மே மாதம் 26, 27 ஆகிய நாள்களில் முதன்முதலாக இருபத்துநான்கு மணி நேரக் கார்ப் பந்தயம் நடத்தப்பட்டது. குறுகிய தொலைவை யார் விரைந்து கடக்கிறார் என்பதைக் காண்பது இதன் நோக்கமன்று. மக்கள் விலைக்கு வாங்கும் கார்கள் இரவும் பகலும் ஓயாது ஓடினால் எவை தாங்கும், எவை தாங்கா என்பதைச் சோதிப்பதே நோக்கம். முகப்பு விளக்கின் ஒளி, பிரேக்கின் வலிமை, எஞ்சினின் பொறுமை ஆகிய அனைத்தும் இங்குத் தேர்வுக்குள்ளாயின. தொடக்க ஆண்டுகளில், மடிப்புக் கூரையை விரித்துக் கட்டிக்கொண்டு சில சுற்றுகள் ஓட்ட வேண்டும் என்ற விதியும் இருந்தது.

முதற்பந்தயத்தில் வென்ற ஷெனார்–வால்க்கர் கார், ஒரு நாள் முழுவதும் ஓடிக் கடந்த தொலைவு 2,209 கிலோமீட்டர். 1971ஆம் ஆண்டு வென்ற போர்ஷே 917 கடந்த தொலைவோ 5,335 கிலோமீட்டர். ஐம்பது ஆண்டுகளுக்குள் தொலைவு இரண்டு மடங்குக்கும் மேலாயிற்று. இவ்வளர்ச்சி ஒரே பாய்ச்சலில் வந்ததன்று. எடுத்துக்காட்டாக, 1953ஆம் ஆண்டு ஜாகுவார் நிறுவனத்தின் கார்கள் வட்டத்தகடு பிரேக்குகளுடன் ஓடி வென்றன. இன்று தெருவில் ஓடும் கார்களிலும் இருசக்கர ஊர்திகளிலும் நாம் காணும் அந்தப் பிரேக்கின் பெருமையை உலகறியச் செய்த களங்களுள் லெ மான் முதன்மையானது.

பழங்கார்ப் பந்தயத்தின் அமைப்பு

இவ்வாறு அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய கார்கள் என்னவாயின? சில நொறுங்கின, சில காட்சியகம் புகுந்தன, சில தனியார் கொட்டகைகளில் உறங்கின. அவற்றை மீண்டும் அதே சாலைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணத்தின் விளைவாக, 2002ஆம் ஆண்டில் லெ மான் கிளாசிக் என்னும் பழங்கார்ப் பந்தயம் தொடங்கப்பட்டது. முதலில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என அமைந்த இவ்விழா, பெருந்தொற்றுக் காலத்தில் தடைப்பட்டுப் பின்னர் 2022இலும், மூலப்பந்தயத்தின் நூற்றாண்டையொட்டி 2023இலும், மீண்டும் 2025இலும் நடைபெற்றது.

இவ்விழாக்களில் பின்பற்றப்பட்டு வந்த முறை எளியது. கார்கள் அவை ஓடிய காலத்தை ஒட்டி ஆறு பிரிவுகளாகப் பகுக்கப்பட்டன. 1923 முதல் 1939 வரை ஓடியவை முதற்பிரிவு. 1949 முதல் 1956 வரை இரண்டாவது. அதன்பின் 1961, 1965, 1971 ஆகிய ஆண்டுகளை எல்லையாகக் கொண்ட மூன்று பிரிவுகள். 1972 முதல் 1981 வரை ஆறாவது. ஒவ்வொரு பிரிவிலும் ஏறத்தாழ 70 கார்கள். சனிக்கிழமை மாலை தொடங்கி ஞாயிறு மாலை வரை, பிரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் மூன்று முறை களமிறங்கின. எனவே ஒவ்வொரு தலைமுறைக் காரும் இருளிலும் ஓடவேண்டியிருந்தது. வேகம் மட்டுமே அளவுகோலாகாது என்பதற்காக, எஞ்சினின் கொள்ளளவையும் காரின் வயதையும் கருதிக் கணக்கிடும் தனித் தரவரிசையும் வைக்கப்பட்டது. முதியவர் இளையவரோடு ஓடினால் முதுமைக்கு உரிய மதிப்பெண் வழங்குவது போன்றது இது.

பந்தயச் சுற்றின் நீளம் ஏறத்தாழ 13.6 கிலோமீட்டர். இதில் பெரும்பகுதி பொதுமக்கள் நாள்தோறும் பயன்படுத்தும் நெடுஞ்சாலை. சுமை ஏற்றிச் செல்லும் லாரி வெள்ளிக்கிழமைக்கு முன் ஓடிய அதே சாலையில் சனிக்கிழமை இரவு 1930ஆம் ஆண்டின் பென்ட்லி பாயும். ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளமுள்ள நேர்ச்சாலை ஒன்று இச்சுற்றின் சிறப்பு. 1988ஆம் ஆண்டு மூலப்பந்தயத்தில் ஒரு கார் இந்நேர்ச்சாலையில் மணிக்கு 405 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. இத்தகைய வேகத்தைக் குறைக்கும் பொருட்டு 1990ஆம் ஆண்டில் நேர்ச்சாலையின் இடையே இரு வளைவுகள் அமைக்கப்பட்டன.

கூடாரமும் நண்பர் குழுவும்

இனி, இதனைக் காணச் செல்வோரின் நிலையை நோக்குவோம். நூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடும் விழாவுக்கு நகர விடுதிகள் போதா. ஆகவே பந்தயச் சுற்றின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் உள்ள புல்வெளிகள் கூடாரக் களங்களாக ஒதுக்கப்படுகின்றன. மேசோன் பிளான்ஷ், தெர்த்ர் ரூஜ் என அவை அருகிலுள்ள வளைவுகளின் பெயரையே தாங்கியுள்ளன. இடம் முன்கூட்டியே பதிவு செய்யப்படவேண்டும்.

இங்கிலாந்திலிருந்து வருவோர் பலர், போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் தம் பழைய கார்களுடன் கப்பலேறிப் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கி, அங்கிருந்து சிற்றூர்ச் சாலைகள் வழியாக அணிவகுத்து வருவர். வழியில் ஒரு கார் நின்றால் அனைவரும் நிற்பர். ஒருவரிடம் இல்லாத கருவி இன்னொருவரிடம் இருக்கும். களத்தை அடையும் முன்னரே நட்பு சோதிக்கப்பட்டுவிடுகிறது.

நால்வர் சேர்ந்த ஒரு குழுவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒருவர் இளமையில் மூலப்பந்தயத்தை நேரிற் கண்ட முதியவர். ஒருவர் பழுது நீக்கும் தொழிலாளர். ஒருவர் கணக்குப் பார்த்துச் செலவைப் பங்கிடுபவர். ஒருவர் இவற்றுள் எதுவும் அறியாத கல்லூரி மாணவர். கூடாரம், போர்வை, சிறிய எரிவாயு அடுப்பு, குடிநீர்க் கலம், மழைக்காப்பு, காதடைப்பான் என்பன இவர்களின் உடைமை. காதடைப்பானைப் பொழுதுபோக்குப் பொருளாகக் கருதலாகாது. திறந்த புகைக்குழாய்களின் ஓசையை நாள் முழுவதும் பாதுகாப்பின்றிக் கேட்டால் செவிப்புலன் நிலையாகக் கெடக்கூடும். சூலைத் தொடக்கத்தில் அங்குப் பகலில் வெயில் கடுமையாகவும் விடியலில் குளிராகவும் இருக்கும். இரவு பத்து மணியளவில்தான் கதிரவன் மறையும். காலை ஆறு மணியளவில் மீண்டும் எழும். இடைப்பட்ட எட்டு மணி நேரமே இவ்விழாவின் உயிர்ப்பகுதி எனலாம்.

இருளில் கார் கண்ணுக்குத் தெரியாது. விளக்கும் ஓசையுமே தெரியும். பென்ட்லியின் எஞ்சின் ஆழ்ந்த குரலில் உறுமும். 1972 முதல் 1974 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்ற பிரெஞ்சு மாத்ராவின் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினோ வானைக் கிழிக்கும் கூர்மையுடன் ஒலிக்கும். கூடாரத்தில் படுத்தபடியே முதியவர், வருவது எந்தக் கார் என்று கூறுவார். மாணவர் எழுந்து சென்று பார்த்து உறுதி செய்வார். இரண்டாம் நாள் இரவில் மாணவரே கூறத் தொடங்குவார். நூலால் கற்பிக்க இயலாத பாடம் ஒன்று இவ்வாறு ஒரு செவியிலிருந்து மற்றொரு செவிக்குச் செல்கிறது. காட்சியகத்தில் நிற்கும் எஞ்சினுக்கு உருவம் உண்டு, குரல் இல்லை.

கையறிவின் தொடர்ச்சி

குரலைப் போலவே பழுது நீக்கும் அறிவும் ஓட்டத்தினால்தான் நிலைக்கிறது. உரிய அனுமதிச் சீட்டுடன் கார்கள் நிறுத்தப்படும் முற்றத்துக்குச் செல்வோர், சில அடி தொலைவில் நின்று பணிகளைக் காணலாம். பழைய பந்தய எஞ்சினை எடுத்த எடுப்பில் விரட்ட இயலாது. எண்ணெய் சூடேறும் வரை பொறுத்திருக்க வேண்டும். சில பழைய எஞ்சின்களுக்கு இன்றும் ஆமணக்கெண்ணெய் அடிப்படையிலான உயவெண்ணெயே ஊற்றப்படுகிறது. காஸ்ட்ரால் என்ற புகழ்பெற்ற பெயரே ஆமணக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்ததாகும். அவ்வெண்ணெய் எரியும் இனிய நெடி முற்றமெங்கும் பரவும். அது கடும் வெப்பத்திலும் உலோகத்தை விட்டு நழுவாது; ஆயினும் நாளடைவில் பிசினாக இறுகும் குணமுடையது. ஆகவே ஓட்டம் முடிந்ததும் அதனை வடித்துத் துடைக்க வேண்டும். இதனை அறியாதவர் கையில் நல்ல எஞ்சினும் கெட்டுவிடும்.

ஓட்டுநரும் பழையதைக் கற்றாக வேண்டும். 1920களின் பென்ட்லியில் வேகமிதி நடுவிலும் பிரேக் வலப்புறத்திலும் இருக்கும். இன்றைய பழக்கத்தில் காலை வைப்பவர், நிறுத்த நினைத்து விரைவுபடுத்திவிடுவார். பற்சக்கரங்களை மாற்றும்போது இருமுறை கிளட்சை மிதித்து, எஞ்சினின் வேகத்தைச் செவியால் அளந்து பொருத்த வேண்டும். இந்தக் கையறிவும் காலறிவும் எழுத்தில் முழுமையாக அடங்குவதில்லை. ஒரு தலைமுறை செய்யாமல் விட்டால் அடுத்த தலைமுறைக்கு அவை கிட்டா. இதனை உணர்ந்தே விழா நடத்துவோர், சிறுவர்கள் ஓட்டும் சிறிய வடிவப் பழங்கார்களுக்கும் தனியோட்டம் வைத்தனர்.

எது மூலம்?

ஓடும் பொருள் தேயும். தேய்ந்த உறுப்பு மாற்றப்படும். மாற்றி மாற்றி ஒரு கட்டத்தில் பழைய உறுப்பு எதுவும் எஞ்சாவிட்டால், அது அதே கார்தானா? இவ்வினா வெறும் தத்துவ வினாவன்று. நீதிமன்றம் வரை சென்ற வினாவாகும்.

1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லெ மான் பந்தயத்தை வென்றது ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று அழைக்கப்பட்ட ஒரே பென்ட்லி கார். அது பின்னர் வேறு எஞ்சின் பொருத்தப்பட்டு, 1932இல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தளத்தில் விபத்துக்குள்ளானது. ஓட்டுநர் கிளைவ் டன்ஃபி உயிரிழந்தார். கார் மீண்டும் புதுக்கப்பட்டு வேறு உருவம் பெற்றது. பல ஆண்டுகளுக்குப் பின் அதனை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், பழைய உறுப்புகள் மிகச் சிலவே உள்ள இது மூலக் கார் அன்று எனக் கூறி மறுத்தனர். 1990ஆம் ஆண்டு இங்கிலாந்து உயர்நீதிமன்றம், காரின் வாழ்க்கை இடையறாது தொடர்ந்து வந்துள்ளது என்பதைக் கருதி, இதுவே அப்பெயருக்குரிய கார் எனத் தீர்ப்பளித்தது. உறுப்புகளின் பழமையைவிட வரலாற்றின் தொடர்ச்சியே அடையாளத்தைத் தருகிறது என்பது இத்தீர்ப்பின் சாரம்.

ஓலைச்சுவடியைப் பயின்றோர்க்கு இக்கருத்து புதிதன்று. பழைய ஓலை செல்லரிக்கும். நூல் புதிய ஓலையில் படியெடுக்கப்படும். ஓலை மாறினும் நூல் அதுவே. எனினும் படியெடுப்போர் தம் விருப்பப்படி திருத்தினால் மூலபாடம் சிதையும். கார்களுக்கும் இவ்வச்சம் உண்டு. அதனால்தான் பன்னாட்டு மோட்டார்க் கூட்டமைப்பு, ஒவ்வொரு பழம்பந்தயக் காருக்கும் அதன் கால அமைப்பு இன்னது எனப் பதிந்த தொழில்நுட்பக் கடவுச்சீட்டு ஒன்றை வழங்குகிறது. அதற்கு மாறான உறுப்பைப் பொருத்தியவர் களமிறங்க இயலாது. மாற்றம் ஏற்கப்படுகிறது, திரிபு ஏற்கப்படுவதில்லை.

நினைவில் நிற்க வேண்டிய நாள்

லெ மான் வரலாற்றைப் போற்றுவோர் அதன் இருண்ட பக்கத்தையும் படித்தாக வேண்டும். 1955ஆம் ஆண்டு சூன் 11ஆம் நாள் மாலை, மைக் ஹாதார்ன் தம் ஜாகுவாரைப் பழுதுநீக்கும் அறைப்பக்கம் ஒதுக்கி வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த லான்ஸ் மாக்லினின் கார் விலகியது. அதன்மீது பியேர் லெவெக் ஓட்டிய மெர்சிடிஸ் மோதி மேலெழும்பி, ஓரத்து மண்மேட்டில் விழுந்து சிதறியது. எஞ்சினும் பிற பாகங்களும் மக்கள் கூட்டத்துக்குள் பாய்ந்தன. லெவெக்கும் பார்வையாளருமாக எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மோட்டார்ப் பந்தய வரலாற்றில் இதனினும் பெரிய இழப்பு நேர்ந்ததில்லை.

இதில் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. கார்களின் வேகம் முப்பது ஆண்டுகளில் பெருகியிருந்தது. அந்த இடத்தின் அகலமோ பழைய வேகங்களுக்கு உரியதாகவே இருந்தது. அறிவு ஓரிடத்தில் முன்னேறி மற்றோரிடத்தில் நின்றுவிட்டால் இடையில் மனிதர் மடிவர். மறு ஆண்டுக்குள் அப்பகுதி இடித்து அகலமாக்கப்பட்டது. சுவிட்சர்லாந்து தன் மண்ணில் சுற்றுத்தளப் பந்தயங்களையே பல பத்தாண்டுகள் தடை செய்தது.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் மற்றொரு பாடம் கிடைத்தது. அந்நாளில் ஓட்டுநர்கள் சாலையின் குறுக்கே ஓடிச்சென்று காரில் தாவி ஏறிப் புறப்படுவது வழக்கம். அவசரத்தில் பலர் இடுப்புவாரைச் சரிவரப் பூட்டாமலே கிளம்புவர். 1969இல் ஜாக்கி இக்ஸ் என்ற இளம் ஓட்டுநர், இம்முறையைக் கண்டிக்கும் வகையில் மெல்ல நடந்துசென்று, வாரைப் பூட்டியபின் கடைசியாகப் புறப்பட்டார். அப்பந்தயத்தின் முதற்சுற்றிலேயே ஜான் உல்ஃப் என்பவர் விபத்தில் இறந்தார். கடைசியாகக் கிளம்பிய இக்ஸின் காரே, மறுநாள் ஏறத்தாழ நூற்றிருபது மீட்டர் இடைவெளியில் வென்றது. 1970 முதல் ஓடியேறும் முறை கைவிடப்பட்டது. பழங்கார் விழாவில் அக்காட்சி நிகழ்த்திக் காட்டப்படுவதுண்டு. ஆனால் வாரைப் பூட்டாமல் எவரும் பந்தயத்தில் ஓட்ட முடியாது. தலைக்கவசமும் தீத்தாங்கும் உடையும் இக்கால அளவுகோலின்படியே இருக்க வேண்டும். முன்னோரின் கலையைப் பின்பற்றலாம். முன்னோரின் அறியாமையையும் பின்பற்ற வேண்டுமென்பதில்லை என்பதற்கு இது சான்று.

தடைகளும் விடைகளும்

இவ்விழாவை மறுப்போரும் உளர். கோடிக்கணக்கில் விலைபோகும் கார்களைச் செல்வர் சிலர் ஓட்டி மகிழ்வதில் பொதுநலம் யாது என்பது ஒரு தடை. உண்மையே, கார்கள் செல்வருடையவை. ஆனால் அவற்றின் குரலும் வரலாறும் வேலிக்கு இப்புறம் நிற்பவர்க்கும் கிட்டுகின்றன. பூட்டிய கொட்டகைக்குள் இருந்தால் அதுவும் கிட்டாது. கூடாரக் களத்தில் மருத்துவரும் தச்சரும் அடுத்தடுத்துத் தங்கி ஒரே குழாயில் நீர் பிடிப்பர்.

எரிபொருளும் புகையும் மற்றொரு தடை. இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. இங்கிலாந்தின் குட்வுட் பழங்கார் விழாவில் 2024ஆம் ஆண்டு, எல்லாப் பந்தயங்களிலும் குறைந்தது 70 விழுக்காடு நிலைபேறுடைய எரிபொருள் கொண்ட கலவையே பயன்படுத்தப்பட்டது. பழைய எஞ்சினும் புதிய நெறியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை இம்முயற்சி காட்டுகிறது.

ஈடு செய்ய இயலாத பொருள் உடைந்துபோனால் என்ன செய்வது என்பது மூன்றாம் தடை. இதுவே வலிமையானது. லெ மான் பந்தயத் தளத்தின் வாயிலருகே அப்பந்தயத்துக்கென்றே ஒரு காட்சியகம் உள்ளது. அங்கு நிற்கும் கார்கள் ஓடா, ஆகவே உடையா. அதற்கு நடந்துசெல்லும் தொலைவிலேயே அவற்றின் உடன்பிறப்புகள் ஓடுகின்றன. இரண்டும் தேவை என்பதே பொருத்தமான விடையாகும். ஒன்றேயொன்றாக எஞ்சிய, மாற்றம் எதுவும் காணாத பொருள் ஓய்வு பெறட்டும். அதன் இனத்தைச் சார்ந்த, ஏற்கெனவே பலமுறை புதுக்கப்பட்ட பொருள் ஓடட்டும். நிற்பதைப் பார்த்து உருவத்தை அளக்கலாம். ஓடுவதைக் கேட்டே தொழிலை அறியலாம்.

முடிவுரை

லெ மான் பழங்கார்ப் பந்தயம் வேகத்தின் விழாவன்று, தொடர்ச்சியின் விழா. அங்கு உறுப்புகள் மாறுகின்றன, அடையாளம் நிலைக்கிறது. ஓட்டுநர் மாறுகின்றனர், கையறிவு நிலைக்கிறது. தவறுகள் நினைவுகூரப்படுகின்றன, அவை திரும்ப நேராமல் காக்கப்படுகின்றன. இத்தொடர்ச்சிக்குப் பெருஞ்செல்வம் மட்டும் போதாது. அடுத்தவர்க்குக் கூறும் முதியவரும், பொறுமையாகக் கேட்கும் இளையவரும், இருவரும் ஒன்றாகத் தங்கும் ஓரிடமும் வேண்டும். மூன்று நாள்கள் புல்தரையில் விரிக்கப்பட்ட கூடாரம் அவ்விடமாக அமைகிறது.

எந்தப் பொறிக்கும் எந்தத் தொழிலுக்கும் இது பொருந்தும். அதனை அறிந்தவர் நம்மிடையே உள்ளபோதே, அது எவ்வாறு இயங்கும், எங்கே பழுதாகும், எதனைச் செய்யக்கூடாது என்று மாணவர்கள் கேட்டறிய வேண்டும். கேட்பார் இல்லாத அறிவு, அறிந்தவருடனேயே மறைந்துவிடும்.